நாடுகளின் பெயர் எப்படி வந்தது? எழுதும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி, கல்லூரிப் போட்டிகளுக்கு வினாடி வினாக் கேள்வி தயாரிப்பதும், தயாரிக்கப் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலை. புதிதாக வருகிற எல்லோருக்கும் பிடித்த தலைப்பு ஒன்று உண்டு: இந்த நாட்டுக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது? கேள்வி சின்னது, பதில் சுவையானது, பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் தவறு அதிகம் நுழைவதும் இங்கேதான். எங்கள் பழைய குழு தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இந்த முறை வந்த கேள்வித் தொகுப்புகளும் விழுந்திருக்கின்றன. எழுத்துப்பிழை, தலைநகரை மாற்றிப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை இன்னொரு முறை படித்தாலே தெரிந்துவிடும்.

காதுக்கு ஒத்துப்போவதையே மூலம் என்று எழுதுவது

இதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது.

ஒரு பள்ளிப் போட்டியின் இறுதிச் சுற்றைப் பார்க்கப் போயிருந்தேன். கனடா என்ற பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் சட்டென்று 'கிராமம்' என்றாள். நடத்துநர் கையில் இருந்த அட்டையில் 'இங்கே ஒன்றுமில்லை' என்று இருந்தது. 'தவறு' என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் ஏதோ விளக்க எழுந்தாள். அதற்குள் மணி அடித்து, கேள்வி அடுத்த அணிக்குப் போய்விட்டது. கோப்பையும் போனது. நிகழ்ச்சி முடிந்ததும் போய்ச் சொன்னேன். முடிவு அறிவித்தாகிவிட்டது என்றார்கள்.

அவள் சொன்னதுதான் சரி. 1535இல் பிரெஞ்சு மாலுமி ழாக் கார்த்தியே செயின்ட் லாரன்ஸ் ஆற்று வழியே வந்தார். இன்றைய கியூபெக் நகரம் இருக்கும் இடத்தில் அப்போது ஸ்டடகோனா என்ற ஊர் இருந்தது. அந்தப் பகுதியில் இரோக்குவாய் மொழி பேசிய பழங்குடியினர் ஊரைக் குறிக்கச் சொன்ன சொல் 'கனாட்டா'. கார்த்தியேவின் பயண நூலோடு உள்ள சொற்பட்டியலிலேயே, இவர்கள் ஊரை 'கனடா' என்கிறார்கள் என்று ஒரு வரி இருக்கிறது. அட்டையில் இருந்தது வேறொரு கதை. தங்கம் தேடி வந்த ஸ்பானியர்கள் ஒன்றும் கிடைக்காமல் 'அகா நாடா', அதாவது 'இங்கே ஒன்றுமில்லை', என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அந்தக் காலத்து எழுத்து எதிலும் இதற்குச் சான்று கிடையாது. இரண்டு ஒலிகளும் ஒத்துப்போகின்றன என்பதைத் தவிர இதற்கு வேறு ஆதாரமே இல்லை.

ஒலி ஒத்துப்போவது ஆதாரம் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் இம்பாபரம் என்று ஒரு பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்குச் சொல் 'டாக்'. ஆங்கிலத்தோடு ஒரு தொடர்பும் இல்லாமல், அதன் உறவு மொழிகளின் வேறொரு சொல் படிப்படியாகத் தேய்ந்து அந்த ஒலிக்கு வந்து நின்றது. ஆயிரக்கணக்கான மொழிகள் இருக்கும் உலகத்தில் இப்படிச் சில சொற்கள் தற்செயலாக ஒத்துப்போகத்தான் செய்யும்.

அதே ஆஸ்திரேலியாவுக்கு 'அஸ்திராலயம்' என்ற விளக்கம் வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் சுற்றி வருகிறது. இந்த முறை வந்த தொகுப்பிலும் இருந்தது. டச்சுக்காரர்கள் அந்த நிலத்துக்கு வைத்த பெயர் நியூ ஹாலந்து. தெற்கே ஒரு பெருநிலம் இருக்க வேண்டும் என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பி வந்தார்கள். அதற்கு லத்தீனில் 'டெர்ரா ஆஸ்ட்ராலிஸ்', அதாவது தென்னிலம், என்று பெயர். அதைச் சுருக்கி ஆஸ்திரேலியா என்று வைக்கலாம் என 1814இல் வெளியான தன் நூலில் ஆங்கிலேய மாலுமி மேத்யூ ஃபிளிண்டர்ஸ் எழுதினார். ஆளுநர் லாக்லன் மக்வாரி 1817இல் அந்தப் பெயரை அரசுக் கடிதங்களுக்குக் கொண்டுவந்தார். யார், எப்போது, எந்த மொழியில் என்று எல்லாமே பதிவில் இருக்கும்போது அஸ்திரத்துக்கு இங்கே என்ன வேலை?

சரி, ஒலியை வைத்து எதையுமே சொல்லக்கூடாதா? சொல்லலாம், ஆனால் மாற்றம் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். இந்தியா என்ற பெயரையே பாருங்கள். சிந்து பாரசீகத்துக்குப் போய் ஹிந்து ஆனது. அது கிரேக்கத்துக்குப் போனபோது ஹகரம் விழுந்து இந்தோஸ் ஆனது. இதை ஏன் நம்புகிறோம்? சமஸ்கிருத 'சப்த' ஈரானிய மொழியில் 'ஹப்த'. சமஸ்கிருத 'சோம' அங்கே 'ஹவோம'. சகரம் ஹகரமாவது ஒரு சொல்லோடு நிற்கவில்லை, வரிசையாக நடந்திருக்கிறது. அதோடு, கி.மு. 500ஐ ஒட்டி ஆண்ட பாரசீக மன்னன் டரியஸின் கல்வெட்டுகளில் 'ஹிந்துஷ்' என்ற பெயரே இருக்கிறது. ஒழுங்கும் உண்டு, பழைய எழுத்தும் உண்டு. எனக்கு இந்த இரண்டும் வேண்டும்.

தமிழ் என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு மனம் இன்னும் இளகிவிடுகிறது. மலாயா என்றால் மலையூர், அதற்குத் தஞ்சைக் கல்வெட்டே சாட்சி என்று ஒருவர் எழுதியிருந்தார். முதலாம் ராஜேந்திரனின் 1030 வாக்கிலான கல்வெட்டில் 'மலையூர்' இருப்பது உண்மைதான். அதைச் சுமத்திராவின் மலாயு என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டில் உள்ள, ராஜேந்திரன் வென்ற ஊர்களின் பட்டியலைக் கொஞ்சம் கூர்ந்து படியுங்கள். லங்காசுகா அங்கே இலங்காசோகம் ஆகிறது. லாமுரி இலாமுரிதேசம் ஆகிறது. வெளியூர்ப் பெயர்களைத் தமிழ் நாவுக்கு வாகாக மாற்றி எழுதுவதுதான் அரசனின் புகழ் பாடும் அந்த மெய்க்கீர்த்தியின் பழக்கம். மலையூரும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. சோழர் போவதற்கு முன்பே, ஏழாம் நூற்றாண்டில், சீனத் துறவி இத்சிங் மலாயுவுக்குப் போய்த் தங்கி, அந்தப் பெயரைத் தன் மொழியில் எழுதிவைத்திருக்கிறார். அதனால் அந்தக் கல்வெட்டு, அந்தப் பெயரைத் தமிழர் எப்படி எழுதினார்கள் என்பதைக் காட்டுகிறது. தமிழர் வைத்த பெயர் என்று அது நிரூபிக்கவில்லை. மலாயுவின் மூலம் பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. அதற்கு ஒற்றைப் பதில் கேள்வி வைக்கவே கூடாது. தமிழுக்குப் பெருமை சேர்க்க உண்மையான சான்றுகள் எவ்வளவோ இருக்க, ஆட்டம் காணும் ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே மூன்று கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் எந்த விளக்கத்தையும் அட்டையில் ஏற்றாதீர்கள். அந்தப் பெயர் முதலில் எந்த எழுத்தில் வருகிறது? யார், எந்த மொழியில் எழுதினார்? இன்றைய வடிவத்துக்கு எந்தப் படிகளைத் தாண்டி வந்தது?

யார் வைத்த பெயர் என்று பார்க்காமல் விடுவது

'ஜெர்மனியின் பெயர் எதிலிருந்து வந்தது?' என்று கேட்டால் எந்தப் பெயரைக் கேட்கிறீர்கள்? அவர்கள் தங்கள் நாட்டை டாய்ச்லாந்து என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருப்பது அலமானி என்ற இனக்குழுவின் பெயர். ஃபின்லாந்தில் அது சாக்சா, சாக்சன்களிடமிருந்து வந்தது. நம்முடையது லத்தீனில் இருந்த ஜெர்மானியா, ஆங்கிலம் வழியாக வந்து சேர்ந்தது. கிரேக்கமும் இப்படித்தான். அவர்களுக்கு அது எல்லாஸ். ஆனால் சங்கப் பாடல்களில் அவர்கள் யவனர், அயோனியர் என்ற ஒரு பிரிவின் பெயர் கிழக்கே வந்து மொத்தப் பேருக்கும் ஆனது. கேள்வியில் எந்த மொழியின் பெயர் என்பதைச் சேர்த்துவிட்டால் பாதிச் சண்டை வராது.

பழைய பெயர் இருந்தால் பழைய இடமும் அதுதான் என்று எண்ணுவது

1957இல் விடுதலை பெற்ற கோல்டு கோஸ்ட், கானா என்று பெயர் வைத்துக்கொண்டது. பழைய கானா பேரரசு இருந்தது அங்கே அல்ல, வடமேற்கே வெகுதூரத்தில், இன்றைய மொரிட்டானியாவும் மாலியும் சேரும் பகுதியில். பெனின் இன்னும் குழப்பும். வெண்கலச் சிற்பங்களுக்குப் பேர்போன பெனின் அரசு இன்றைய நைஜீரியாவில் இருந்தது. இன்று பெனின் என்று அழைக்கப்படும் நாடு அதுவரை தாஹோமி. 1975இல் பக்கத்து வளைகுடாவின் பெயரை எடுத்துக்கொண்டது. 'பெனின் சிற்பங்கள் எந்த நாட்டின் மரபு?' என்ற கேள்விக்குப் பெனின் என்று விடை போட்ட அட்டையை இந்த முறையும் கிழித்துப் போட்டேன்.

நாடு முதலா, பொருள் முதலா என்று பார்க்காமல் விடுவது

பிரேசிலில் விளைவதால் பிரேசில் மரம் என்று எழுதுகிறார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு. கேரளத்தில் குடிநீரில் போட்டு இளஞ்சிவப்பாக்கும் பதிமுகம் தெரியும் அல்லவா? அந்த ஆசிய மரத்தின் சிவப்புச் சாயத்தை ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாக 'பிரசில்' என்ற பெயரில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1500இல் போர்ச்சுகீசிய மாலுமி கப்ரால் போய் இறங்கிய நிலத்துக்குச் சிலுவையின் பெயரைத்தான் போர்ச்சுகீசியர் வைத்தார்கள். அங்கே அதே சாயம் தரும் உறவு மரம் காடுகாடாக நின்றது. பழக்கமான பெயர் மரத்துக்கு ஒட்டியது, வணிகம் பெருகப் பெருக நிலத்துக்கும் ஒட்டிக்கொண்டது. சிலுவையின் பெயர் உதிர்ந்துவிட்டது.

அறிவித்த ஆண்டைப் பிறந்த ஆண்டாக எழுதுவது

பெர்சியா 1935இல் ஈரான் ஆனது என்று எழுதாதீர்கள். வெளிநாடுகளும் இனி ஈரான் என்றே அழைக்க வேண்டும் என்று அந்த ஆண்டில் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். உள்ளூரில் அந்தப் பெயர் அந்த நாட்டை ஆண்ட சாசானியரின் மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது.

முதலெழுத்துகளைக் கோத்து விளக்குவது

பாகிஸ்தானுக்குப் பொருந்தும், 1933இல் கேம்பிரிட்ஜில் படித்த ரஹ்மத் அலி அப்படித்தான் உருவாக்கினார். வேறு நாட்டுக்கு அப்படி ஒரு கதை வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

ஆஸ்திரியாவையும் ஆஸ்திரேலியாவையும் ஒரே சொல்லாக்குவது

அது கிழக்கு, இது தெற்கு.

இந்தோனேசியாவைப் புராதனப் பெயர் என்பது

கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1850இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஓர் ஆங்கில ஆய்விதழில் உருவாக்கியது.