குளிர்ந்த சஃபையர்ல ஸ்பின் அளக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

சஃபையர் கல்லுல மைக்ரோவேவ் விட்டு எடுத்த பிளாட்டுல ஒரு பீக் ரெண்டா பிரிஞ்சு நிக்கிறத பாத்த உடனே "ஸ்பின் கப்பிள் ஆயிடுச்சு", அதாவது கல்லுக்குள்ள இருக்குற அயனிங்களோட குட்டி காந்தம் அலையோட பிணைஞ்சிடுச்சுன்னு கைடு ரூமுக்கு ஓடுறது இருக்கே, அதுதான் மொத தப்பு. நானும் ஓடியிருக்கேன், அந்த உரிமையிலதான் எழுதுறேன்.

எதப்பத்தி பேசுறோம்னு சுருக்கமா சொல்லிடுறேன். உள்ளங்கை அளவு சஃபையர் உருளை, அத ஒரு செம்பு டப்பாக்குள்ள மாட்டி டைல்யூஷன் ஃபிரிட்ஜ்ல (மில்லிகெல்வின் வரைக்கும் குளிர்விக்கிற மெஷின்) தொங்கவிட்டு மைக்ரோவேவ் விட்டா, அலை கல்லோட ஓரத்த ஒட்டியே சுத்திச் சுத்தி வரும். கிசுகிசு மாடம்னு சொல்ற அதே சங்கதிதான், லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துல சுவர ஒட்டி சத்தம் ஓடுறத நம்ம சி.வி. ராமனே 1921-ல ஆராய்ஞ்சிருக்காரு. ஹீலியம் குளிர்ல இந்தக் கல்லோட க்யூ (அலை எவ்வளவு கம்மி இழப்போட உள்ள சுத்துதுன்னு சொல்ற எண்) 100 கோடி வரைக்கும் போகும். இதுக்குள்ள யாரும் கூப்பிடாம வந்து உக்காந்திருக்குற இரும்பு அயனிங்க (மூணு பிளஸ் சார்ஜ் உள்ளது) காந்தப்புலமே இல்லாதப்பவும் 12.04 கிகாஹெர்ட்ஸ்ல மைக்ரோவேவ உறிஞ்சும். பிரான்ஸ்ல பெசான்சோன்ல 2005-ல இதே அயனிய வெச்சு மேசரே (மைக்ரோவேவ்ல ஓடுற லேசர் மாதிரி) ஓட்டிட்டாங்க, அதனால இத வெறும் அழுக்குன்னு ஒதுக்கிட முடியாது.

சரி, அந்த ரெட்டை பீக்குக்கு வருவோம். அலை கல்ல இடமாவும் சுத்தலாம் வலமாவும் சுத்தலாம், ரெண்டுக்கும் ஒரே ஃப்ரீக்வென்சிதான், ஆனா கல்லுல சின்னதா ஒரு குறை, இல்ல ஆன்டெனா புரோப் கொஞ்சம் கிட்ட வந்துட்டாலும் போதும், ஒண்ணு இன்னொண்ணுல சிதறி மோடு (அலை கல்லுக்குள்ள ஒத்து ஆடுற அந்த நிலை) தானாவே ரெண்டா பிரிஞ்சிடும். ஸ்பின்னுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் ரெண்டு வாரம் இந்தப் பிரிவுக்கு ஃபிட் போட்டுக்கிட்டு இருந்தேன், அப்புறம் ஒரு சீனியர் வந்து "காந்தப்புலத்த மாத்திப் பாத்தியா?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாரு. மாத்துனேன், பிரிவு அசையவே இல்ல. ஸ்பின்னா இருந்தா புலத்த கல்லோட சி அச்சுல (படிகத்தோட முக்கிய அச்சு) வெச்சு ஏத்துறப்ப மில்லிடெஸ்லாவுக்கு 28 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஒரு கிளை மேலயும் ஒரு கிளை கீழயும் ஓடணும், அது உங்க மோட வெட்டிட்டுப் போற இடத்துல மட்டும்தான் கூத்து நடக்கணும். (ஸ்பின் கிட்ட வர்றப்ப அந்த ரெட்டை பீக்குல ஒண்ணு மட்டும் அதிகமா நகர்றதும் உண்டு, அத பாத்து பயந்துடாதீங்க, இடமும் வலமும் ஸ்பின்னுக்கு ஒண்ணு இல்ல.)

இதுக்கு நேர் எதிரான தப்பும் ஒண்ணு இருக்கு. புலத்த மாத்திக்கிட்டே வர்றீங்க, திடீர்னு பீக்கையே காணோம். கேபிள் கழண்டுடுச்சு, ஆம்ப்ளிஃபயர் போச்சுன்னு ஃபிரிட்ஜ சூடாக்கப் போயிடாதீங்க! கப்ளிங் (ஸ்பின்னும் மோடும் எவ்வளவு பலமா பிணையுதுங்கிறது) 5 மெகாஹெர்ட்ஸ், ஸ்பின்னோட அகலம் 27 மெகாஹெர்ட்ஸ், மோடோட அகலம் 20 ஹெர்ட்ஸ்னு வெச்சுக்குங்க. கப்ளிங் வர்க்கத்த நாலால பெருக்கி ஸ்பின் அகலத்தால வகுத்தா 3.7 மெகாஹெர்ட்ஸ் வருது, அதாவது 20 ஹெர்ட்ஸ் ஊசியா நின்ன பீக் லட்சம் மடங்குக்கு மேல பரவி தரையோட தரையா படுத்துடுச்சு. ஸ்பின் நல்லா வேலை செய்யுதுங்கிறதுக்கு அதுதான் சாட்சி. இன்னொண்ணு, இதே நம்பருக்கு கோஆப்பரேட்டிவிட்டி (அந்த 3.7 மெகாஹெர்ட்ஸ மோடோட அகலத்தால வகுத்தது) போட்டா 1.85 லட்சம் வரும், அத பாத்துட்டு "ஸ்ட்ராங் கப்ளிங்"னு பேப்பர் எழுதிடுறாங்க, ஆனா ஸ்ட்ராங்குன்னா கப்ளிங் ரெண்டு அகலத்தையும் ஜெயிக்கணும், இங்க 5 எங்க 27 எங்க? அகலம்னு சொல்றப்ப முழு அகலமா பாதி அகலமான்னும் எழுதுங்க, இல்லன்னா அந்த நாலு தொலைஞ்சு போயி ரெண்டு லேபும் சண்டை போட்டுக்கும்.

பவர் விஷயத்துல பண்ற தப்புதான் என்னைக் கேட்டா ரொம்ப மோசம், ஏன்னா தப்புன்னே தெரியாது. மைனஸ் 90 டிபிஎம் விட்டா ரொம்ப கம்மின்னு தோணும், ஒரு பிகோவாட்தான். ஆனா 10 கிகாஹெர்ட்ஸ்ல, 100 கோடி க்யூ உள்ள கல்லுல, கிரிட்டிக்கல் கப்ளிங்ல (விடுற பவர் முழுசும் கல்லுக்குள்ள போற நிலை) வெச்சா உள்ள 240 கோடி ஃபோட்டான் குவிஞ்சிடும். சாதா கேவிட்டில பழகுன கைக்கு இது உறைக்கவே உறைக்காது. மில்லிகெல்வின்ல ஸ்பின் ரிலாக்ஸ் ஆக நொடிக்கணக்குலயும் அதுக்கு மேலயும் ஆகலாம், நீங்க கிளப்பிவிட்ட ஸ்பின் எல்லாம் மேலயே உக்காந்துடும், உறிஞ்சுறது குறையும், உடனே "இந்தக் கல்லுல இரும்பு கம்மி"ன்னு முடிவு கட்டிடுவீங்க. பவர பத்து பத்து டெசிபெலா இறக்கி, வளைவு மாறாத இடம் வரைக்கும் போயி அப்புறம் நம்பர் எடுங்க.

வி.என்.ஏ. (ஃப்ரீக்வென்சிய மாத்தி மாத்தி அளக்குற கருவி) வேகமும் அதே மாதிரிதான். க்யூ 100 கோடின்னா ஃபோட்டான் உள்ள தங்குறது 16 மில்லிசெகண்ட், ஒவ்வொரு புள்ளிலயும் அத விட பல மடங்கு நேரம் நிக்கலன்னா பீக்குக்குப் பின்னாடி அலை அலையா வால் வரும், அதுக்கும் ஒருத்தர் தியரி எழுதுவாரு.

அட்டென்யுவேட்டர் (கேபிள்ல வர்ற சிக்னலையும் இரைச்சலையும் குறைக்கிற பாகம்) எல்லாத்தையும் 4 கெல்வின் தட்டுலயே மாட்டிட்டு வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க. 10 கிகாஹெர்ட்ஸ்ல 300 கெல்வின்னா மோடுக்கு 600 சொச்சம் வெப்ப ஃபோட்டான், 4 கெல்வின்னா கூட எட்டு வரும், அது அப்படியே கீழ இறங்கும். கடைசி 20 டெசிபெல் மிக்ஸிங் சேம்பர் தட்டுல (ஃபிரிட்ஜோட ரொம்பக் குளிர்ந்த தட்டு) இருந்தே ஆகணும். தட்டுல தெர்மாமீட்டர் 20 மில்லிகெல்வின் காட்டுறதுனால கல்லும் அதே சூட்டுலதான் இருக்குன்னும் அர்த்தம் இல்ல, அந்தக் குளிர்ல சஃபையருக்கும் செம்புக்கும் நடுவுல வெப்பம் ரொம்ப சிரமப்பட்டுத்தான் கடக்கும்.

குளிர் ஏன் இவ்வளவு முக்கியம்னா, கப்ளிங்க முடிவு பண்றது மேல் மட்டத்துக்கும் கீழ் மட்டத்துக்கும் நடுவுல இருக்குற ஆள் வித்தியாசம், அதாவது எதுல எத்தன அயனி உக்காந்திருக்குங்கிறது. அந்த இரும்புக்கு மொத்தம் ஆறு மட்டம், 4 கெல்வின்ல 12 கிகாஹெர்ட்ஸ் கிளை ஒண்ணுக்கு வித்தியாசம் 2.6 சதவீதம்தான், 20 மில்லிகெல்வின்ல 50. வர்க்கமூலம் எடுத்தா கப்ளிங் நாலு மடங்குக்கு மேல ஏறும். இந்தக் கணக்கு போடாம 4 கெல்வின் டேட்டாவுல இருந்து அயனி எண்ணிக்கைய எடுத்தா எங்கயோ போயி நிப்பீங்க. கல்ல பெருசாக்குனா ஸ்பின் அதிகம், அதனால கப்ளிங்கும் அதிகம்னு சொல்றதும் இதே ரகம்தான், கல்லு பெருசானா ஒத்த ஃபோட்டானோட புலமும் பரவி குறைஞ்சிடும், ரெண்டும் அடிச்சுக்கிட்டுப் போயிடும். அடர்த்தியும், காந்தப்புலம் எவ்வளவு கல்லுக்குள்ள, சரியான திசையில இருக்குங்கிறதும்தான் கணக்கு.

சூடா இருக்கறப்ப பாத்த மோடு குளிர்ல கிட்டத்தட்ட ஒரு சதவீதம் மேல போயிருக்கும், பத்து கிகாஹெர்ட்ஸ்ல அது நூறு மெகாஹெர்ட்ஸ், பக்கத்து மோட பிடிச்சு வெச்சுக்கிட்டு இதுதான் அதுன்னு சொல்லாதீங்க, குளிர்றப்பவே விடாம பின்தொடருங்க. புலத்த ஏத்துறப்ப ஒரு வளைவு, இறக்குறப்ப வேற வளைவு வந்தா, காந்தத்துல தங்குன மிச்சமா, இல்ல ஸ்பின் இன்னும் ஆறலையான்னு பாக்க ஒரு நல்ல வழி பாதி வேகத்துல திரும்ப ஓட்டுறதுதான். எந்தப் பக்கமா ஓட்டுனீங்க, என்ன வேகத்துலன்னு ஃபைல் பேர்லயே போட்டு வைங்க, ஆறு மாசம் கழிச்சு பேப்பர பரிசீலிக்கிற ரெஃப்ரீ கேக்குறப்ப ஞாபகம் இருக்காது.