சுகர் மாத்திரைக்குக் காசு போதாதபோது செய்யக் கூடாதவை

மும்பை தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் என் அத்தை வீடு. போன மழைக்காலத்தில் போனபோது, அடுப்பு மேடையில் பிளேடை வைத்து மாத்திரையை இரண்டாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாதி போட்டா பாதி சுகராவது குறையும்லா" என்றாள்.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். மெட்ஃபார்மின், பக்கத்தில் எஸ்ஆர் என்று இருந்தது. மெதுவாகக் கரைந்து இறங்கும் மாத்திரை அது. டாக்டரைக் கேட்காமல் உடைக்கவோ நுணுக்கவோ கூடாது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. சீட்டில் இருந்ததிலேயே விலை குறைந்த மாத்திரை அதுதான். காசைக் கரைத்தது சிட்டாகிளிப்டின் என்ற இன்னொரு சுகர் மாத்திரை. எந்த மாத்திரைக்கு எவ்வளவு போகிறது என்று அத்தை ஒருநாளும் தனித்தனியாகக் கேட்டதில்லை. மெடிக்கலில் பில் கேளுங்கள், வரிவரியாகப் பாருங்கள்.

டாக்டரிடம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. "காசு இல்லன்னு எப்படில சொல்ல?" என்று கேட்டாள் அத்தை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? நீங்கள் முழுதாகச் சாப்பிடுவதாக டாக்டர் நினைப்பார். சுகர் குறையவில்லையே என்று இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார். செலவு இன்னும் ஏறும். "மாசம் இவ்வளவுதான் முடியும்" என்று தொகையோடு சொல்லுங்கள். கம்பெனி வைத்த பிராண்ட் பெயரை அல்ல, மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயர்) எழுதித் தரச் சொல்லுங்கள்.

பழைய விலையையே நம்பிக்கொண்டிருப்பதும் தவறு. சிட்டாகிளிப்டினின் காப்புரிமை 2022-ல் முடிந்தது, அதாவது வேறு கம்பெனிகளும் அதைச் செய்து விற்கலாம். அந்த ஆண்டே ஜன் ஔஷதி என்ற மத்திய அரசின் மலிவு மருந்துக் கடைகளில் 50 மில்லிகிராம் மாத்திரை பத்து 60 ரூபாய்க்கு வந்தது. எம்பாகிளிஃப்ளோசின் என்ற வேறொரு சுகர் மாத்திரைக்கு 2025 மார்ச்சில் முடிந்தது. ஒன்று 60 ரூபாய் வரை விற்றது, வேறு கம்பெனிகளின் மாத்திரை ஒன்று பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. பழைய பிராண்டையே வாங்குபவர்களுக்கு இது தெரியாமலே போகிறது. மலிவு மருந்து வேலை செய்யாது என்ற பயம் இருந்தால், மாற்றிய சில வாரங்கள் சுகரை அடிக்கடி பார்த்துக் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கைக் காட்டி டாக்டரிடம் பேசலாம்.

அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான ஆயுஷ்மான் கார்டு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும், மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு உதவாது. அதற்கு மாநகராட்சி ஆஸ்பத்திரிதான் வழி. தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. வரிசை நீளம், அரைநாள் கூலி போகும், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் போங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மிச்ச மாத்திரையை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். அவருக்குச் சரியான அளவு உங்களைத் தாழ்சுகரில் மயக்கி விழவைக்கலாம்.

அப்புறம் இன்சுலின். காசில்லை என்று நீங்களாக நிறுத்தவே கூடாது. உடம்பில் இன்சுலினே சுரக்காத டைப் 1 சுகர் உள்ளவர்களுக்கு ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகும். இன்சுலின் பேனா கட்டுப்படியாகவில்லை என்றால் பாட்டில் இன்சுலினுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் விலை நன்றாகக் குறையும். இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் பாட்டில் பெரும்பாலும் 40 யூனிட் வகை (ஒரு மில்லியில் 40 யூனிட்), அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட் வகைக்கு. 40 பாட்டிலில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சை வைத்துப் பத்து என்று இழுத்தால் உடம்புக்குள் போவது நாலு யூனிட்தான். தலைகீழாக, 100 வகை இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். சிரிஞ்ச் வாங்கப் போகும்போது பாட்டிலின் அட்டைப்பெட்டியையும் கையில் எடுத்துப் போங்கள்.