நாலு வார்த்தையில் எது கோணல்?

மத்திய அரசு வேலைக்குப் பட்டதாரிகள் எழுதும் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்விக்கு 60 நிமிடம். சராசரியாகக் கேள்விக்கு 36 விநாடி. கணக்கும், பத்தி படித்துப் பதில் சொல்லும் காம்ப்ரிஹென்ஷனும் அதற்கு மேலேயே தின்னும். அதனால் நாலு ஆங்கில வார்த்தை கொடுத்து, தப்பாக எழுதியது எது என்று கேட்கும் ஸ்பெல்லிங் கேள்வியை 15 விநாடிக்குள் முடித்துவிட வேண்டும். சரியென்றால் 2 மதிப்பெண், தப்பென்றால் கையில் இருப்பதிலிருந்து அரை மதிப்பெண் போகும். முதல் தடவை எனக்குப் போனது ஸ்பெல்லிங் தெரியாமல் அல்ல. 'இன்கரெக்ட்லி' என்றிருந்ததை 'கரெக்ட்லி' என்று வாசித்து, முதல் வார்த்தையே சரியாக இருக்கிறதே என்று க்ளிக் செய்துவிட்டுப் போய்விட்டேன். இப்போதெல்லாம் கேள்வியில் அந்த ஒரு சொல்லைத்தான் முதலில் பார்ப்பேன்.

தமிழ் வழியில் படித்தவன் நான். காதில் விழுவதை அப்படியே எழுதிப் பழகிய கை. ஆங்கிலத்தில் அது செல்லாது. 'செபரேட்' என்று காதில் விழும்போது நடுவில் இ இருப்பதுபோல் படும், இருப்பதோ ஏ. 'கவர்மென்ட்' என்கிறோம், உள்ளே இருக்கும் 'என்' என்ற எழுத்து நாக்கில் வருவதே இல்லை. நான் செய்தது, எழுத்துக்கு ஏற்ற ஒரு கொச்சை உச்சரிப்பை மனசுக்குள் வைத்துக்கொண்டது: செப்-பா-ரேட், கவர்ன்-மென்ட், பார்லி-யா-மென்ட், வெட்-நெஸ்-டே. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். தேர்வறையில் வாயைத் திறக்கவா போகிறோம்?

அதிகம் மாட்டுவது இரட்டை எழுத்தில்தான். இங்கே நம் தமிழ் இலக்கணமே கைகொடுக்கும். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம், ன் திரிந்து ற் ஆகிறது அல்லவா? ஆங்கிலத்திலும் அப்படி ஒரு புணர்ச்சி உண்டு. 'இன்' என்ற முன்னொட்டு ரெகுலரோடு சேரும்போது என் திரிந்து ஆர் ஆகிறது, ஆகவே இர்ரெகுலருக்கு இரண்டு ஆர். அக்காமடேட்டைப் பிரித்தால் ஆட், காம், மாடேட். ஆட்டின் கடைசி எழுத்து சி-யாகத் திரிந்து அடுத்த சி-யோடு நிற்கிறது. காமின் எம்மும் மாடேட்டின் எம்மும் சேர்கின்றன. எனவே இரண்டு சி, இரண்டு எம். ரெகமெண்டில் முன்னால் இருப்பது வெறும் 'ரி'. அதில் திரிய மெய்யெழுத்தே இல்லை, அதனால் ஒற்றை சி. டிஸ்அப்பியரில் எஸ் ஒன்றுதான். டிஸ்-ஸேட்டிஸ்ஃபைடு என்றால் இரண்டு. வார்த்தையை அதன் தையலில் பிரித்துப் பார்த்தால், மனப்பாடம் செய்த பாதி பட்டியல் தேவையே இல்லை என்று தெரியும்.

வினைச்சொல்லின் வாலில் வரும் இரட்டிப்பு வேறு கணக்கு. கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால் பொதுவாகக் கடைசி எழுத்து இரட்டிக்கும்: ரெஃபர்டு, அக்கர்டு இரண்டிலும் இரண்டு ஆர், பிகினிங்கில் இரண்டு என். அழுத்தம் முன்னால் இருந்தால் பெரும்பாலும் இரட்டிக்காது: ஆஃபர்டில் ஆர் ஒன்றே. ரெஃபரன்ஸிலும் ஒன்றுதான், ஏனென்றால் அங்கே அழுத்தம் முன்னால் நகர்ந்துவிட்டது.

'சி-க்குப் பின்னால் இ-ஐ' என்ற விதி எல்லோருக்கும் தெரியும். ரிசீவ், சீலிங், ரிசீட் வரை சரி. சயின்ஸிலும் ஏன்ஷியன்ட்டிலும் அது உடைந்துவிடும். அதை மட்டும் நம்பி நான் க்ளிக் செய்வதில்லை.

ஒரு கேள்வி பார்ப்போம். தப்பான ஸ்பெல்லிங் எது: அக்கரன்ஸ், சூப்பர்சீட், மெயின்டனன்ஸ், பிரிவிலேஜ். முன்னாலிருந்து படித்தால் கண் தானாகவே திருத்திக்கொண்டு ஓடிவிடும். அதனால் வாலிலிருந்து தொடங்குகிறேன். அக்கரன்ஸின் வால் இ-என்-சி-இ. உள்ளே இரண்டு சி, இரண்டு ஆர். சரி. சூப்பர்சீடின் வால் எஸ்-இ-டி-இ. பார்த்ததும் கை துறுதுறுக்கும். ஆனால் எஸ் போட்டு இப்படி முடியும் ஒரே வார்த்தை இதுதான், தொடக்கூடாது. பிரிவிலேஜில் நாலெட்ஜைப் பார்த்துச் சொருகும் டி இல்லை, அதுவும் சரி. மெயின்டனன்ஸில் 'மெயின்டெயின்' முழுசாக உட்கார்ந்திருக்கிறது, அதாவது நடுவில் ஏ-ஐ. அதுதான் பிழை. பெயர்ச்சொல்லாகும்போது அந்த ஏ-ஐ போய் இ வர வேண்டும். ப்ரொனவுன்ஸ், ப்ரொனன்சியேஷன் ஆகும்போது ஓ காணாமல் போவதும் இதே ஜாதி.

பயிற்சி நோட்டு விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். தப்பான ஸ்பெல்லிங்கைச் சிவப்பிலும் சரியானதை நீலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். மூன்று வாரம் கழித்து மனசில் நின்றது சிவப்புதான். அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, சரியானதை மட்டும், சறுக்கும் எழுத்துக்கு அடிக்கோடிட்டு எழுத ஆரம்பித்தேன். மாக் டெஸ்ட்டில் விழுந்த வார்த்தை மட்டுமே உள்ளே வரும், கடையில் வாங்கிய பட்டியலுக்கு இடமில்லை. புது நோட்டின் முதல் வரியில் இருப்பது 'மிஸ்-ஸ்பெல்'. இரண்டு எஸ். முதல் மாக் டெஸ்ட்டில் அதை ஒன்றாக நினைத்துத்தான் கோட்டை விட்டேன்.