கிரின்-2பி என்று வந்த மரபணு அறிக்கையை வாசிக்கும் முறை

பேச்சும் நடையும் தாமதமாகும் குழந்தையைப் பென்னாகரத்திலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ பெங்களூரு வரை கொண்டுசென்று பெற்றுவந்த அறிக்கையில் ‘கிரின்-2பி’ (GRIN2B) என்ற பெயர் இருந்தால், அந்த மரபணுவின் வேலையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 12-ஆம் குரோமோசோமில் உள்ள இது, மூளையில் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற புரதத்தின் ஒரு பகுதியை உருவாக்குகிறது. அந்த ஏற்பியின் வழியை மெக்னீசியம் அடைத்து நிற்கும். குளூட்டமேட்டும் கிளைசின் என்ற இன்னொரு வேதிப்பொருளும் வந்து ஒட்டி, அதே வேளையில் நரம்பணுவும் தூண்டப்பட்டிருந்தால்தான் அடைப்பு விலகிக் கால்சியம் உள்ளே பாயும். கற்றலும் நினைவும் இதைச் சார்ந்தவை. கருவில் கிரின்-2பி மேலோங்கியிருக்கிறது; பிறந்த பின் அதன் உடன்பிறப்பு மரபணுவான கிரின்-2ஏ பெருகுகிறது. அதனால்தான் 2பி பழுதில் வளர்ச்சித் தாமதமும் அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் முன்னிற்க, 2ஏ பழுதில் வலிப்பும் பேச்சிழப்பும் முன்னிற்கின்றன.

அடுத்து, அந்த மரபணுவில் அறிக்கை கண்டிருக்கும் மாற்றத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். நோய் விளைவிப்பது, விளைவிக்கக்கூடியது, பொருள் உறுதியாகாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது என ஐந்து படிகள் உண்டு. ‘உறுதியாகாதது’ என்பதை நோய் என்று படித்துவிடுவதே நான் கண்டவரை மிகப் பொதுவான தவறு.

மூன்றாவதாக, பெற்றோர் இருவரின் இரத்தத்தையும் அதே மாற்றத்துக்காகச் சோதிக்கக் கேளுங்கள். இங்கே சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தாய்மாமனைக் கட்டியதால்தான் இப்படி’ என்று நம் பக்கத்து வீடுகளில் குழந்தையின் தாயைக் குற்றவாளியாக்குவார்கள். சொந்தத்தில் மணப்பது, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் வரும் நோய்களின் வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மையே. ஆனால் கிரின்-2பி கோளாறுக்கு ஒரு பிரதி பழுதானாலே போதும். பெரும்பாலும் அந்த மாற்றம் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியதாகவே இருக்கும். அப்படியானால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம்தான். முழுச் சுழியம் அன்று, ஏனெனில் சில வேளைகளில் பெற்றோரின் இனப்பெருக்க அணுக்களில் மட்டும் மாற்றம் ஒளிந்திருக்கும்.

கடைசியாக, மாற்றம் ஏற்பியின் செயலைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். மெமன்டைன் இந்த ஏற்பியை அடைக்கும் மருந்து. செயல் குறைந்த குழந்தைக்கு அதைக் கொடுப்பதில் பொருளில்லை. இணையத்தில் படித்துவிட்டு நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். இயன்முறைப் பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் இந்த விடைகள் எதுவும் தேவையில்லை. தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவை அணுகி, சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே அவற்றைத் தொடங்கிவிடலாம்.