பரமண்டல ஜெபத்தைச் சொல்லி முடித்த பிறகு என்ன செய்வது?

இயேசு சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைச் சபையில் ஆரம்பித்தால் அரை நிமிஷத்தில் ஆமென் வந்துவிடும். நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் "பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும்" என்ற இடத்தில் நாக்கு இடறி நின்றுவிட்டது, அப்போதுதான் உறைத்தது: என்னைப் பரலோகத்துக்குக் கூட்டிக்கொண்டு போ என்று இந்த ஜெபத்தில் எங்குமே நாம் கேட்பதில்லை, அங்கே நடக்கிற மாதிரி இங்கே நடக்கட்டும் என்று கேட்கிறோம். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரத்தைப் பாருங்கள், தேவனுடைய நகரமான புதிய எருசலேம் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. செத்த பிறகு கர்த்தரோடு இருப்போம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அதை நம்பித்தான் அம்மாவை அடக்கம் பண்ணினோம். ஆனால் பரலோகம் என்றால் கல்லறைக்கு அப்புறம் வரும் சமாச்சாரம் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டால் இந்த ஜெபம் நமக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது. மோட்சம், விண்ணகம் என்று சொல்லும் கத்தோலிக்க வீடுகளுக்கும் இதே கதைதான்.

சரி, எப்படித் தொடங்குவது? காலையில் தனியாக, மெதுவாக ஜெபத்தைச் சொல்லுங்கள். 'பூமியிலேயும்' வந்ததும் நிறுத்துங்கள். பரலோகத்தில் இப்படி நடக்காது என்று சொல்லக்கூடிய ஒரே ஒரு காரியம் இன்று என் வீட்டில், என் வேலையிடத்தில் எது என்று யோசியுங்கள். ஒன்றே ஒன்று, அதுவும் உங்கள் கைக்கு எட்டுகிற ஒன்று. உலக சமாதானத்தை எல்லாம் எழுதினால் அன்றைக்கே கைவிட்டுவிடுவீர்கள்.

என் முதல் நாள் காரியம் வீட்டு வேலை செய்யும் அக்காவின் சம்பளம். ஒன்றாம் தேதி தர வேண்டியது, ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டிருந்தது, பணம் இல்லாமல் இல்லை, அவர் கேட்க மாட்டார் என்பதால் வந்த மெத்தனம். பைபிளில் பவுல் பெயரில் உள்ள கொலோசெயர் நிருபத்தின் 3ஆம் அதிகாரம் "மேலானவைகளைத் தேடுங்கள்" என்று தொடங்குகிறது, நாம் அதை வசன காலண்டரில் போட்டு மாட்டியிருக்கிறோம். அதே பேச்சு புருஷன், பெண்சாதி, பிள்ளைகள், வேலைக்காரர் என்று இறங்கி வந்து 4ஆம் அதிகாரம் முதல் வசனத்தில், எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார், வேலைக்காரருக்கு நியாயமானதைச் செய்யுங்கள் என்று முடிகிறது. யாக்கோபு தன் நிருபத்தில் இன்னும் காரமாக, பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடும் என்கிறார். அதனால் தேதியை போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். லீவு எடுத்தால் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். அவருக்கென்று தனி டம்ளர் இருந்தால் இன்றே அதை மற்ற டம்ளர்களோடு கலந்துவிடுங்கள், இதைப் பற்றி வீட்டில் கூட்டம் போட வேண்டாம், பேசாமல் செய்யுங்கள்.

அடுத்தது கைப்பிடி அரிசி. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பாட்டிமார் செய்தது இது: உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, நிரம்பியதும் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். ஒரு பிடி 40 கிராம் என்று வைத்தாலும், நாளுக்கு ஒரு பிடி போட்டால் மாதத்துக்கு 1.2 கிலோ ஆகிவிடும். ஒரு மூடி போட்ட டப்பா போதும், அடுப்பு மேடையில் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். ரேஷன் அரிசி தனியாக, வீட்டு அரிசி தனியாக என்று பிரிக்காதீர்கள், நீங்கள் சாப்பிடுகிற அரிசியிலிருந்தே எடுங்கள். காணிக்கையை ஜீபேயில் போட்டுவிட்டு மறந்துவிடலாம், ஆனால் தினமும் கை அரிசிக்குள் போய் வந்தால் இன்னொரு வீட்டு உலை ஞாபகத்துக்கு வரும். இது மோட்சத்துக்கு முன்பணம் கட்டுகிற கணக்கு அல்ல, அது கிருபையால் கிடைப்பது என்றுதான் சபை எல்லாக் காலமும் சொல்லி வருகிறது.

சபையில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனம் வரும்போது கவனம். பரலோகராஜ்யத்தை இயேசு எத்தனையோ தடவை விருந்தாகத்தான் காட்டினார், கிழக்கிலும் மேற்கிலுமிருந்து வந்து பந்தியிருப்பார்கள் என்றார், விருந்து வைத்தால் ஐசுவரியமுள்ள அயலகத்தாரை விட்டுவிட்டு ஏழைகளைக் கூப்பிடு என்றார் (லூக்கா 14). நம் ஊரில் ஒரே பானைச் சோறும் கறிக்குழம்பும், யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். நாமோ சொந்தக்காரர்களுக்கு இடம் பிடித்து வைத்துவிட்டு, சாப்பிட்டதும் பார்சலோடு கிளம்புகிறோம். இந்தத் தடவை பெயர் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள், அப்புறம் ஒரு பந்திக்காவது பரிமாறுங்கள். கல்லறைத் தோட்டத்தில்கூட சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன, அங்கே இருந்துகொண்டு பரலோகப் பாட்டுப் பாடுவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. உங்கள் ஊர் அப்படி என்றால் சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

துக்க வீட்டில் மட்டும் பரலோகத்தை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். பிரேதம் வீட்டில் இருக்கும்போதே "நல்ல இடத்துக்குத்தான போயிருக்காங்க, அழாதீங்க" என்பார்கள். செத்துப்போன சிநேகிதன் லாசருவை எழுப்பப் போகிற இயேசுவே அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். பவுலும் நம்பிக்கையற்றவர்களைப்போல துக்கப்படாதீர்கள் என்றாரே தவிர துக்கமே படாதீர்கள் என்று சொல்லவில்லை. போய் உட்காருங்கள், பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று பாருங்கள், கூட்டம் கலைந்த பத்தாம் நாள் இன்னொரு தரம் போங்கள், வசனம் அப்போது பேசலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் போகிறவர்கள் இரண்டு மெழுகுவர்த்தி கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் வராமல் புல் மண்டிக்கிடக்கும் பக்கத்துக் கல்லறைக்கு.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ யாரிடமாவது கத்திவிடுவீர்கள், எனக்கும் அப்படித்தான். அன்று ஜெபத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் நின்றுகொள்ளுங்கள். எல்லாக் குடும்பத்திலும் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு அண்ணனோ மச்சானோ இருப்பார், பெரும்பாலும் ஒரு சென்ட் இடத்துக்காக. அவருக்குப் போன் போடுங்கள். முதல் போனில் பத்திரம், பங்கு எதையும் எடுக்காதீர்கள், சுகர் எப்படி இருக்கிறது, பிள்ளைகள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள். எடுக்கவில்லை என்றால் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மறுபடி போடுங்கள்.