ஷஃபிளில் வரும் பாட்டுக்கு ஸ்டார் போடுவது எப்படி?

என் கம்ப்யூட்டரில் 3,000 பாட்டு இருக்கிறது. அப்பா மதுரையில் ஒரு ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுகளும் அதில் அடக்கம். எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கிவிட்டேன். ஷஃபிளில், அதாவது வரிசை இல்லாமல் கலந்து ஓட விட்டால், நல்ல பாட்டு ஒன்று வருவதற்குள் நாலைத் தள்ள வேண்டியிருந்தது. அதனால்தான் ஒவ்வொரு பாட்டுக்கும் 1 முதல் 5 வரை ஸ்டார் போட ஆரம்பித்தேன்.

முதலில் பாட்டுகளை ஒரே ஃபோல்டரில் சேருங்கள். வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி கட்டாயம்.

அடுத்து, விண்டோஸ் வைத்திருப்பவர்கள் மியூசிக்பீ என்ற பிளேயரைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். செட்டிங்கில் ரேட்டிங்கை, அதாவது ஸ்டார்களை, பாட்டுக் கோப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். முன்பு நான் வைத்திருந்த பிளேயர் ஸ்டார்களைத் தன் கணக்கில் மட்டும் வைத்திருந்தது. டிஸ்க் போனதும் ஒரு வருட உழைப்பும் போய்விட்டது. எம்பி3 கோப்பின் டேக்கில் (பாட்டின் விவரங்கள் பதியும் பகுதி) இதற்கென்றே 'பாப்புலாரிமீட்டர்' என்று ஓர் இடம் உண்டு. 0 முதல் 255 வரை எண்ணாகப் பதியும். முதலில் ஒரே ஒரு பாட்டுக்குப் போட்டு, வேறொரு பிளேயரில் திறந்து ஸ்டார் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது ஸ்டார் இல்லாத பாட்டுகளுக்கு மட்டும் ஓர் ஆட்டோ பிளேலிஸ்ட் (நிபந்தனை சொன்னால் பிளேயரே சேர்க்கும் பட்டியல்) போட்டு, அதை ஷஃபிளில் ஓட விடுங்கள். திரையைப் பார்க்காதீர்கள். டி.எம்.சௌந்தரராஜன் நம்ம ஊர்க்காரர், 1922இல் மதுரையில் பிறந்தவர். பெயரைப் பார்த்தாலே மனசு 5 ஸ்டாருக்குப் போய்விடும். நமக்கு வேண்டியது, பாட்டு ஓடும்போது கை என்ன செய்கிறது என்பதுதான்.

கையிலிருக்கும் வேலை தானாக நின்றுவிட்டால் 5. சவுண்டைக் கூட்டினால் 4. பாட்டு பாட்டுக்கு ஓடட்டும் என்று வேலையைத் தொடர்ந்தால் 3. அடுத்த பாட்டுக்குப் போகக் கை நீண்டால் 2. 1 ஸ்டாரை நான் பழுதுக்காக வைத்திருக்கிறேன்: கரகரப்பு, பாதியில் நிற்பது, ஒரே பாட்டு இரண்டு முறை இருப்பது. அவற்றைப் பிறகு மொத்தமாக எடுத்து, நல்ல பிரதி தேடலாம்.

60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம்தான் என்பதால் கடைசிப் பாட்டு அறுந்துபோவது சகஜம். அப்பாவின் கேசட்டில் ஒரு பாட்டு இரண்டாம் சரணத்தில் அப்படி அறுந்துவிடும். முறைப்படி அதற்கு 1. ஆனால் ஒவ்வொரு முறையும் என் வேலை நின்றுவிடுகிறது. 5தான் போட்டேன்.

ஒரு நாளைக்கு 20 பாட்டு போதும். 3,000 பாட்டு 150 நாளில் முடிந்துவிடும். அதற்கு மேல் கேட்டால் காது களைத்து எல்லாவற்றுக்கும் 3 விழும். சித்திரைத் திருவிழா நாட்களில் போடவே போடாதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் ஊரெல்லாம் குழாய் கட்டிப் பாடும். அந்த உற்சாகத்தில் எந்தச் சாமி பாட்டுக்கும் 5 போட்டுவிடுவோம். வைகாசி பிறக்கட்டும்.

முடிந்ததும் 4, 5 ஸ்டார் பாட்டுகளை மட்டும் இன்னொரு ஆட்டோ பிளேலிஸ்டாக்கி, ஒரு மாதத்துக்குள் கேட்டவை வராதபடி நிபந்தனை வையுங்கள். ஆறு மாதம் கழித்து 3 ஸ்டார் பாட்டுகளை மட்டும் மறுபடி ஓட விட்டுக் கேளுங்கள். எனக்கு அதிலிருந்துதான் நிறைய 4 கிடைத்தது.