புளியந்தீவை நடந்து பாருங்கள்: மட்டக்களப்புக்கு முதன்முறை வருவோருக்கு

மட்டக்களப்பில் ரயிலை விட்டு இறங்கியதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, பாசிக்குடாவுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்பதுதான். பாசிக்குடா அழகான கடல், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நகரத்தின் நடுவிலேயே வாவி சூழ்ந்த தீவு ஒன்று இருக்கிறது. அதன் பாலத்தைத் தாண்டும்போது தாம் ஒரு தீவுக்குள் நுழைகிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அதுதான் புளியந்தீவு. புளிய மரங்களால் வந்த பெயர் என்போரும் உண்டு, புலியன் என்ற வேடர் தலைவனின் பெயரிலிருந்து வந்தது என்போரும் உண்டு. கோயில் மணியும் தேவாலய மணியும் ஒரே தெருவில் கேட்கும் இந்தச் சிறு தீவை எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்று, வாவிக்கு அக்கரையில் கல்லடியில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்.

படி 1: நிலாவைப் பார்த்து நாள் குறியுங்கள்

கார்த்திகை முதல் தை வரை இங்கே மாரிகாலம். வாவி கலங்கிக் கரையேறி நிற்கும், வெள்ளமும் வரும். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை வருவதே நல்லது. ஆனால் நடுக்கோடையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசும். அதனால் காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் நடக்கும்படி திட்டமிடுங்கள்.

மாதம் முடிவானால் அடுத்தது திதி. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் தீர்த்தம் ஆடி அமாவாசையில். வாவி நீருக்கடியிலிருந்து எழும், மீன் பாட்டு என்று நாங்கள் சொல்லும் ஓசையைக் கேட்க உகந்தது பௌர்ணமி இரவு. இரண்டையும் ஒரே பயணத்தில் காண முடியாது. முதன்முறை வருகிறவர்களுக்கு நான் பௌர்ணமியைத்தான் சொல்வேன். பௌர்ணமி நாட்டுக்கே போயா விடுமுறை என்பதால் ரயிலில் இடம் கிடைப்பது கடினம், முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டைப் போயாவுக்கு மறுநாள் எடுக்காதீர்கள், அதற்கும் அடுத்த நாளுக்கு எடுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 2: வந்து சேருங்கள்

கொழும்புக் கோட்டையிலிருந்து பொலநறுவை, வாழைச்சேனை வழியாக ரயில் வருகிறது. எட்டு, ஒன்பது மணி நேரப் பயணம். நிலையத்திலிருந்து புளியந்தீவுக்கு ஆட்டோவில் சில நிமிடங்கள்தான், கூலியை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். தீவுக்குள் வாகனம் தேவையில்லை.

படி 3: வாவிக்கரை வாயிலிலிருந்து நடக்கத் தொடங்குங்கள்

காந்தி பூங்காவுக்கு அருகில், வாவியைப் பார்த்தபடி மட்டக்களப்பு வாயில் என்ற பழைய இறங்குதுறை இருக்கிறது. தரைவழி எளிதில்லாத காலத்தில் நகரத்துக்குள் வந்தவர்கள் தோணியில் வந்து காலூன்றிய இடம் இது. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற இளம் மெதடிஸ்தப் போதகர் வந்திறங்கியதும் இங்கேதான். மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார். ஆனால் அந்தக் குறுகிய காலத்தில் அவர் தொடக்கிய பள்ளிக்கூடம் இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது. அவருடைய சிலையும் வாவிக்கரையில் உண்டு. காலை ஏழு மணிக்கு இங்கே வந்தால் வீச்சுவலையோடு தோணியில் நிற்பவர்களைக் காணலாம். கொஞ்ச நேரம் கரையில் உட்கார்ந்து பாருங்கள், அவசரமில்லை.

படி 4: கோட்டைக்குள் போங்கள்

போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை. 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு உடன்பாடு செய்துகொண்ட ஒல்லாந்தர் இதைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கையில் விழுந்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுதான். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், பிறகு கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்ட அரசு அலுவலகம் வந்தது. காணிப் பத்திரத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் எங்கள் ஊர்ச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய படிகள் இவை. ஆகவே எங்களுக்கு இது வெறும் சரித்திரச் சின்னமல்ல.

வாசல் வளைவுக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை தெரியும். பிறகு கொத்தளத்தில் ஏறினால் அமைப்பு புரியும். நான்கு மூலையிலும் நான்கு கொத்தளங்கள், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. பீரங்கிகள் இன்னும் நீரைப் பார்த்தபடி கிடக்கின்றன. சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். காலை வெயிலிலும் கல் குளிர்ந்திருக்கும். சுவரில் பெயர் கீறும் பழக்கம் மட்டும் வேண்டாம், அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நோகிறது.

படி 5: வழிபாட்டிடங்கள்

ஆனைப்பந்தி விக்னேஸ்வரர் ஆலயம், புனித மரியாள் பேராலயம், மெதடிஸ்த ஆலயம் ஆகியவற்றை ஒரே நடையில் பார்த்துவிடலாம். தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். பூசையோ திருப்பலியோ நடந்தால் ஓரமாக நில்லுங்கள், யாரும் உங்களை விரட்டமாட்டார்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

பேராலயத்தில் நீங்கள் பறங்கியரைச் சந்திக்கக்கூடும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த இந்தச் சமூகத்தில் இன்றும் சில வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி பேசப்படுகிறது. போர்த்துக்கல் இங்கிருந்து போய் முந்நூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதன் சொற்கள் தச்சுப் பட்டறையிலும் சமையலறையிலும் கல்யாணப் பாட்டிலும் தங்கிவிட்டன. எங்கள் வீட்டுக் கதவு நிலைகளைச் செய்தவர் ஒரு பறங்கித் தச்சர். அவர் மனைவியோடு அந்த மொழியில் பேசுவார், என் தாயோடு மட்டக்களப்புத் தமிழில் பேசுவார், இரண்டுக்கும் நடுவில் உளி நிற்காது. 2004 ஆழிப்பேரலை கல்லடியை அடுத்த டச் பார் பகுதியில் இந்தச் சமூகத்தின் பல உயிர்களைக் கொண்டுபோனது. அங்கே போனால் மெதுவாகப் பேசுங்கள்.

படி 6: சாப்பாடு

காலையில் பிட்டும் சொதியும். மதியம் சோற்றோடு வாவி இறாலோ நண்டோ கொடுவா மீனோ, அன்று எது பட்டதோ அது. பிறகு எருமைத் தயிர். மண்சட்டியைக் கவிழ்த்தாலும் அசையாத தயிர்தான் நல்ல தயிர் என்பார்கள். மூடியிருக்கும் தாளை எடுத்தால் மேலே மஞ்சள் படர்ந்த ஆடை இருக்கும். அதை ஒதுக்கிவிடாமல் கரண்டியால் ஆழமாக வெட்டி எடுத்து, பாணி ஊற்றிச் சாப்பிடுங்கள்.

படி 7: காத்தான்குடிக்கு ஒரு பிற்பகல்

தீவின் கதையில் பாதியாவது காத்தான்குடியில் இருக்கிறது, தெற்கே பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். பிரதான வீதியின் நடுவே வரிசையாகப் பேரீச்ச மரங்கள், இருபுறமும் துணிக்கடைகள். எங்கள் கல்யாணச் சேலைகளில் பாதி அங்கே வாங்கியவை. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் பூட்டியிருக்கும், அந்த நேரத்தைத் தவிருங்கள். 1990 ஓகஸ்ட் 3 இரவு, தொழுகையில் இருந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் இங்கே இரண்டு பள்ளிவாசல்களில் கொல்லப்பட்டார்கள். மீரா ஜும்ஆப் பள்ளிவாசல் சுவரில் குண்டு துளைத்த அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன. 2019 உயிர்த்த ஞாயிறன்று சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது மட்டக்களப்பு நகரத்தில்தான். இங்கே பல சமூகங்கள் ஒன்றாக வாழ்கின்றன என்று நான் சொல்லும்போது இவற்றை மறைத்துவிட்டுச் சொல்லவில்லை. இத்தனைக்குப் பிறகும் ஒரே சந்தையில் தயிரும் துணியும் மீனும் கைமாறுகின்றன. அதை நீங்கள் நேரில் காண வேண்டும்.

படி 8: இரவில் வாவிக்கு

மாலையில் கல்லடிப் பாலத்துக்கு வாருங்கள். 1924இல் திறக்கப்பட்ட மானிங் சீமாட்டி பாலம் இது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தபின், பழையது நடப்பவர்களுக்கு வாய்த்துவிட்டது. நேரமிருந்தால் அருகே சிவானந்த வித்தியாலய வளாகத்தில் சுவாமி விபுலானந்தரின் சமாதியையும் பார்த்துவிடுங்கள். பழந்தமிழர் யாழைத் தேடி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர், நீருக்கடியில் இசை கேட்கும் இந்த வாவிக்கரையில் துயில்கிறார்.

நிலா நன்றாக மேலேறிய பின் ஒரு தோணிக்காரரோடு பேசுங்கள். இயந்திரப் படகு வேண்டாம், துடுப்புத் தோணிதான் வேண்டும். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு அணியுங்கள். பாலத்துக்கு அருகே போனதும் தோணியை நிறுத்தச் சொல்லுங்கள். துடுப்பின் அகன்ற முனையை நீருக்குள் ஆழமாக இறக்கி, மறுமுனையைக் காதோடு அழுத்துங்கள். மறுகாதைக் கையால் மூடுங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள், யாரும் பேசக்கூடாது.

எனக்கு ஒன்பது வயதில் என் தந்தை இப்படித்தான் துடுப்பை என் காதில் வைத்துப் பிடித்தார். முதலில் நீர் மோதும் ஓசை மட்டும்தான். பிறகு மிக மெல்லிய, இழுபட்ட ஒரு நாதம், தம்பூராத் தந்தியைத் தொட்டுவிட்டு விலகியது போல. 1848இல் இங்கே தோணியில் வந்து கேட்ட எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும் ஓசையோடு அதை ஒப்பிட்டார். மீன்தான் பாடுகிறது என்று ஊர் சொல்லும். அவரை அழைத்துப்போன மீனவர்களோ ஊரி என்ற சிறு சங்கைக் காட்டினார்களாம். எது பாடினாலும், மீன் பாடும் தேன் நாடு என்று நாங்கள் பெயர் சூட்டிக்கொண்டது இந்த ஓசையை நம்பித்தான்.

ஒரே இடத்தில் கேட்கவில்லை என்றால் தோணியைச் சற்று நகர்த்தி மீண்டும் துடுப்பை இறக்குங்கள். காற்று எழுந்து நீர் அலம்பினால் அன்று கேட்காது. கரைக்குத் திரும்பிவிடுங்கள். மறுநாள் இரவும் வானில் ஏறக்குறைய முழு நிலா இருக்கும். அதற்காகத்தான் திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளி எடுக்கச் சொன்னேன்.